அழுத்தாத பொத்தானும் தகவல் அனுப்பும்

கணினி வருவதற்கு முன் நூலகங்களில் பரவலாக இருந்த புத்தகம் வழங்கும் முறைகளுள் ஒன்று பிரவுன் முறை. 19-ஆம் நூற்றாண்டின் இறுதியில் அமெரிக்க நூலகர் நினா பிரவுன் வகுத்த இம்முறையில், உறுப்பினர் ஒவ்வொருவரிடமும் சிறு பை வடிவில் சில சீட்டுகள் இருக்கும்; புத்தகம் ஒவ்வொன்றுக்குள்ளும் அதன் பெயரும் எண்ணும் எழுதிய ஓர் அட்டை இருக்கும். புத்தகத்தை எடுக்கும்போது அந்த அட்டையை உறுப்பினரின் பைச் சீட்டுக்குள் செருகி, திருப்பித் தர வேண்டிய தேதிக்குரிய தட்டில் அடுக்கிவைப்பார்கள். புத்தகம் திரும்பி வந்ததும் அட்டை புத்தகத்துக்குள் போய்விடும், சீட்டு உறுப்பினரின் கைக்குப் போய்விடும். யார் எதைப் படித்தார் என்னும் பதிவு, புத்தகம் வெளியில் இருந்த நாட்கள் வரைதான் உயிரோடு இருந்தது. இன்று கோஹா போன்ற நூலக மென்பொருள்களிலும், புத்தகம் திரும்பியபின் வாசகருக்கும் நூலுக்கும் இடையிலான தொடர்பை அழித்துவிடும் வசதி உண்டு. பெயர் மாறினாலும் தத்துவம் பிரவுன் தட்டினுடையதே.

இந்த மறதியை நூலகர்கள் தொழில் ஒழுக்கமாகவே கருதி வந்திருக்கிறார்கள். அமெரிக்க நூலகச் சங்கம் 1939-இல் ஏற்றுக்கொண்ட நெறிமுறையில், வாசகரோடு பழகும்போது தெரியவரும் தனிப்பட்ட செய்திகளை இரகசியமாக வைத்திருப்பது நூலகரின் கடமை என்று எழுதப்பட்டிருக்கிறது. அந்நாட்டின் 48 மாநிலங்களில் நூலகப் பதிவுகளின் இரகசியத்தைக் காக்கத் தனிச் சட்டமே உண்டு. கேட்டு வரும் காவல் அதிகாரியிடம்கூட நீதிமன்ற ஆணை எங்கே என்று வினவும் இந்தத் துறை, தன் இணையதளத்தில் ஒரு சமூக ஊடகப் பொத்தானை ஒட்டியதன் மூலம் அதே செய்தியைக் கேட்காதவருக்கும் கொடுத்துக்கொண்டிருக்கக் கூடும். அது எப்படி நடக்கிறது என்பதைச் சற்று நெருங்கிப் பார்க்க வேண்டும்.

இரவு பதினோரு மணிக்கு ஒருவர் தம் ஊர் நூலகத்தின் இணையப் பட்டியலைத் திறந்து, விவாகரத்துச் சட்டம் என்று தேடுகிறார் என்று கொள்வோம். திரையில் பத்து நூல்கள் வருகின்றன. ஒவ்வொன்றின் அருகிலும் நண்பர்களோடு பகிர்வதற்கான சிறு பொத்தான் இருக்கிறது. வாசகரின் கண்ணுக்கு அது ஒரே பக்கம். உலாவிக்கு அது பல இடங்களிலிருந்து துண்டு துண்டாகக் கொண்டுவந்து ஒட்டிய பக்கம். எழுத்துகளும் நூல் விவரங்களும் நூலகத்தின் சர்வரிலிருந்து வருகின்றன. பொத்தான் மட்டும் சமூக ஊடக நிறுவனத்தின் சர்வரிலிருந்து வர வேண்டும். ஆகவே பக்கம் திறந்த அந்தக் கணமே உலாவி அந்த நிறுவனத்தின் கதவைத் தட்டி, பொத்தானைக் கொடு என்று கேட்கிறது. வாசகர் அதை அழுத்துவாரா மாட்டாரா என்பது இந்தக் கட்டத்தில் ஒரு பொருட்டே அல்ல.

வெறும் கையோடு உலாவி கேட்பதில்லை. பதில் எங்கே வர வேண்டும் என்பதற்காக வாசகரின் ஐ.பி. முகவரியும், எந்த உலாவி, எந்த இயங்குதளம் என்னும் குறிப்பும் கோரிக்கையோடு செல்கின்றன. அந்தச் சமூக ஊடகத்தில் வாசகர் முன்பு நுழைந்திருந்தால், அப்போது அவருடைய கணினியில் வைக்கப்பட்ட குக்கீயும் கூடவே போகலாம். அந்தக் குக்கீ அவருடைய கணக்கின் அடையாளச் சீட்டு. இவற்றோடு, எந்தப் பக்கத்திலிருந்து இந்தக் கோரிக்கை வருகிறது என்று சொல்லும் குறிப்பு ஒன்றும் உண்டு. அதன் பெயரான 'ரெஃபரர்' என்னும் சொல், இணையப் பக்கங்களைப் பரிமாறும் விதிமுறையான எச்.டி.டி.பி. பற்றி 1996-இல் வெளியான ஆவணத்தில் ஒரு எழுத்து குறைந்து, பிழையோடே இடம்பெற்றது. உலகம் முழுவதும் உலாவிகள் இன்றும் அந்தப் பிழையோடுதான் அதை அனுப்புகின்றன. பல நூலகப் பட்டியல்களில் தேடிய சொல் இணைய முகவரியிலேயே இடம்பெறும் என்பதால், முழு முகவரியும் ரெஃபரரில் சென்றால் விவாகரத்துச் சட்டம் என்ற சொற்களும் கூடவே சென்றுவிடும். கணக்குச் சீட்டும் தேடுசொல்லும் ஒரே உறைக்குள் போய்ச் சேர்ந்தபின், பிரவுன் தட்டில் புத்தகம் வெளியில் இருக்கும் வரை மட்டும் சேர்ந்திருந்த இரண்டு அட்டைகளும் வேறொருவரின் அலமாரியில் நிரந்தரமாகச் சேர்ந்துகொள்கின்றன.

இதற்குள் நிலைமை ஓரளவு மாறியிருக்கிறது என்பதையும் சொல்ல வேண்டும். 2020-இல் வெளியான குரோம் உலாவியின் 85-ஆம் பதிப்பு முதல், வேறு தளத்துக்குச் செல்லும் கோரிக்கைகளில் தளத்தின் பெயரை மட்டும் காட்டி முகவரியின் மீதிப் பகுதியை வெட்டிவிடுவதே இயல்புநிலை ஆயிற்று. அடுத்த ஆண்டு ஃபயர்ஃபாக்ஸும் அவ்வாறே செய்தது. பிற தளங்களின் குக்கீகளை 2020 மார்ச் முதல் சஃபாரி முழுவதுமாகத் தடுக்கிறது. இவற்றைக் கேட்டதும் சிக்கல் தீர்ந்துவிட்டது என்று நினைப்பவர்கள் உண்டு. பொத்தான் வெறும் படமாக இருந்தால் அந்த எண்ணம் ஏறத்தாழச் சரி. ஆனால் பெரும்பாலும் வருவது படம் அல்ல, ஒரு நிரல். நூலகத்தின் பக்கத்துக்குள் அனுமதிக்கப்பட்ட நிரல் அந்தப் பக்கத்தின் முழு முகவரியையும் தலைப்பையும் தானே படித்துக்கொள்ளும். வாசலில் உலாவி எதை வெட்டினாலும், உள்ளே அமர்ந்திருப்பவருக்கு அதனால் ஒரு குறையும் இல்லை. விளம்பரத்தின் பயனை அளப்பதற்காகப் பொருத்தப்படும் பிக்சல் என்னும் நிரல் இந்த வகையைச் சேர்ந்தது. அது பிறர் குக்கீயை நம்பியிருக்காமல், நூலகத்தின் தளத்துக்கே உரிய குக்கீ போலத் தன் குக்கீயை வைத்துக்கொள்ளும். சமூக ஊடகத்தில் நூலகம் இட்ட இடுகையை அழுத்தி ஒருவர் உள்ளே வந்தால், முகவரியின் வாலில் ஒட்டிக்கொண்டு வரும் நீண்ட எழுத்துக்கோவையையும் அதே குக்கீக்குள் சேமித்துவைக்கும். ஃபேஸ்புக் 2018 முதல் இணைப்புகளில் சேர்த்துவரும் அத்தகைய கோவை, ஒவ்வொரு அழுத்தலையும் தனித்தனியே அடையாளம் காண உதவுவது.

யார் பொறுப்பு என்ற கேள்விக்கு ஐரோப்பிய நீதிமன்றம் இருமுறை விடை சொல்லியிருக்கிறது. ஃபேஸ்புக்கில் பக்கம் நடத்தும் நிறுவனமும் அங்கே வரும் பார்வையாளரின் தரவுக்குக் கூட்டுப் பொறுப்பாளியே என்று 2018 ஜூனில் தீர்ப்பளித்தது. 2019 ஜூலையில், விருப்பப் பொத்தானைத் தன் தளத்தில் பதித்திருந்த ஜெர்மானிய ஆடை விற்பனைத் தளம் ஒன்றின் வழக்கில், தரவைத் திரட்டி அனுப்பும் கட்டம் வரை தள உரிமையாளருக்கும் பங்கு உண்டு, அதற்குப் பின் ஃபேஸ்புக் அதைக் கொண்டு என்ன செய்கிறது என்பதற்கு அவர் பொறுப்பல்ல என்றது. தீர்ப்பு சென்றடைந்தது ஆடைக் கடையை. ஆனால் அந்தத் தர்க்கம் நூலகத்துக்கு இன்னும் கூர்மையாகவே பொருந்துகிறது. சட்டை வாங்குவதைவிட, ஒருவர் தனிமையில் தேடும் நூல் அவரைப் பற்றி அதிகம் சொல்லிவிடும்.

பொத்தானே வேண்டாம் என்று ஒதுங்குவது தேவையற்றது. 2011-இல் ஜெர்மனியின் சி.டி. என்னும் கணினி இதழ் முன்வைத்த இரண்டு அழுத்தல் முறை இன்றும் நன்றாகவே வேலை செய்கிறது. பக்கத்தில் முதலில் தெரிவது நூலகத்தின் சொந்த சர்வரில் உள்ள சாம்பல் நிறப் படம் மட்டுமே. வாசகர் அதை ஒருமுறை அழுத்தினால்தான் உண்மையான பொத்தான் வரவழைக்கப்படும், மறுமுறை அழுத்தினால் பகிர்வு நடக்கும். பின்னாளில் அதே இதழ் இன்னும் எளிய வடிவத்தையும் வெளியிட்டது: பொத்தான் என்பது வெறும் இணைப்பு, அழுத்தும் வரை எந்த நிரலும் வராது, அழுத்தினால் பகிர்வுப் பக்கம் தனியே திறக்கும். காணொலிகளுக்கும் இதே வழிதான். யூடியூப் காணொலியைப் பக்கத்தில் நேரடியாகப் பதிக்காமல், அதன் முகப்புப் படத்தை நூலகமே சேமித்துக் காட்டி, வாசகர் அழுத்தியபின் காணொலியை வரவழைக்கலாம். இதில் இழப்பு என்று சொன்னால், எத்தனை பேர் விரும்பினார்கள் என்னும் எண்ணிக்கை பொத்தானுக்கு அருகே தெரியாது. அந்த எண்ணிக்கையால் ஒரு நூலகத்துக்கு என்ன பயன் என்பது எனக்கு விளங்கியதில்லை.

அடுத்த கசிவு அஞ்சல் பட்டியலில் இருக்கிறது. புதிய உறுப்பினர்களைச் சேர்க்கும் விளம்பரத்தைச் சமூக ஊடகத்தில் தரும்போது, ஏற்கெனவே உறுப்பினராக இருப்பவர்களுக்கு அது காட்டப்பட வேண்டாம் என்பதற்காக, அவர்களுடைய மின்னஞ்சல் முகவரிகளைப் பதிவேற்றும் வசதி உண்டு. முகவரிகள் அப்படியே போகமாட்டா, எஸ்.எச்.ஏ.-256 என்னும் முறையில் ஹேஷாக மாற்றியபின்தான் போகும் என்று அந்நிறுவனங்கள் உறுதி சொல்கின்றன. ஹேஷ் என்பது எந்த எழுத்துக்கோவையையும் அரைத்து, எப்போதும் ஒரே நீளமுள்ள 256 பிட் விளைவாக்கும் கணிதச் செயல். அரைத்ததிலிருந்து மூலத்தைத் திரும்பப் பெறுவதற்கு நேர்வழி கிடையாது. இவ்வளவும் உண்மை. சொல்லாமல் விடப்படுவது என்னவென்றால், ஒரே முகவரியை யார், எங்கே, எத்தனை முறை அரைத்தாலும் ஒரே விளைவுதான் வரும். தன்னிடம் கணக்கு வைத்திருப்பவர்களின் முகவரிகள் எல்லாம் அந்நிறுவனத்திடம் ஏற்கெனவே இருக்கின்றன. அவற்றை அரைத்து இரண்டு பட்டியல்களையும் ஒப்பிட்டால், நூலக உறுப்பினர் யார் யார் என்று தெரிந்துவிடும். அந்த வசதி இயங்குவதே இப்படி ஒப்பிட்டுத்தான். தொலைபேசி எண்களின் நிலை இன்னும் மோசம். 10 இலக்க எண்கள் மொத்தமாகச் சேர்ந்தாலும் 1,000 கோடிக்கு மேல் இல்லை; நொடிக்குப் பல நூறு கோடி ஹேஷ்களைக் கணக்கிடக் கூடிய வரைகலைச் செயலிகள் கடையில் கிடைக்கின்றன. சாத்தியமான எண் ஒவ்வொன்றையும் அரைத்துப் பார்த்து மூலத்தைக் கண்டுபிடிக்க ஒரு தேநீர் ஆறும் நேரம் போதும். ஆகவே ஹேஷாக மாற்றிய உறுப்பினர் பட்டியலை, உறுப்பினர் பட்டியல் என்றே எண்ணி நடத்த வேண்டும்.

இதுவரை சொன்னவை நிரல்களின் வேலை. மனிதக் கைகளால் நேரும் கசிவுகளை விளக்குவது எளிது. தவிர்ப்பதற்குத்தான் பழக்கம் வேண்டும். கதை சொல்லும் நிகழ்ச்சியில் எடுத்த படத்தை இடுகையில் சேர்க்கும்போது, கைபேசி கேமரா படக் கோப்புக்குள் எழுதிவைக்கும் எக்ஸிஃப் விவரங்களும், அதாவது எடுத்த நேரமும் ஜி.பி.எஸ். இருப்பிடமும், கூடவே பதிவேறுகின்றன. பெரிய தளங்கள் பல அவற்றைப் பொதுமக்களுக்குக் காட்டுவதற்கு முன் நீக்கிவிடுகின்றன. ஆனால் தளத்தின் சர்வருக்கு அவை முதலில் போய்ச் சேர்ந்துவிட்டன என்பதை மறக்கக் கூடாது. பதிவேற்றுவதற்கு முன்பே நீக்குவதுதான் சரி. படத்துக்குள்ளேயும் பார்க்க வேண்டியது நிறைய இருக்கிறது: பின்னணியில் ஒருவரின் கணினித் திரை, மேசையில் கிடக்கும் உறுப்பினர் அட்டையின் பார்கோடு, முன்பதிவு அலமாரியில் புத்தகத்தின் முதுகில் செருகியிருக்கும் பெயர்ச் சீட்டு. அந்தப் பெயர்ச் சீட்டு, யார் எந்த நூலுக்காகக் காத்திருக்கிறார் என்பதைக் கூட்டிப் படிக்கும் அளவுக்குப் படத்தில் தெளிவாகத் தெரியும்.

உள்பெட்டிச் செய்திகளில் கசிவு வேறு மாதிரி. நான் கேட்ட புத்தகம் வந்துவிட்டதா என்று வாசகர் ஒருவர் நூலகத்தின் சமூக ஊடகக் கணக்குக்கு எழுதினால், உதவும் ஆர்வத்தில் நூலின் பெயரோடு பதில் எழுதத்தான் கை போகும். அப்படி எழுதினால், நூலகத்தின் கட்டுப்பாட்டில் இல்லாத ஒரு சேமிப்பகத்தில், வாசகரின் பெயருக்குக் கீழேயே நூலின் பெயரும் பதிவாகிவிடும். உங்கள் கணக்கில் நுழைந்து பாருங்கள் என்றோ, தொலைபேசியில் அழையுங்கள் என்றோ மட்டும் எழுதி, நூலின் பெயரையும் தவணைத் தேதியையும் தவிர்ப்பது சற்று விறைப்பாகத் தோன்றலாம். அந்த விறைப்பு தேவைதான்.

புள்ளிவிவர இடுகைகளிலும் ஒரு நுணுக்கம் உண்டு. இந்த மாதம் அதிகம் வாசிக்கப்பட்ட நாவல்கள் என்று பட்டியலிடுவதில் தீங்கு இல்லை. எண்ணிக்கை பெரிது, தனி முகம் எதுவும் தெரியாது. சிறு கிளை நூலகம் ஒன்று, எங்கள் பதின்பருவ வாசகர்கள் இந்த வாரம் எடுத்த நூல்கள் என்று எழுதும்போது, அந்த வாரம் வந்தவர்கள் மூவரே என்றால் பட்டியல் ஒரு பெயர்ப்பலகையாகிவிடும். அஞ்சல் குறியீட்டெண், பிறந்த தேதி, பாலினம் ஆகிய மூன்றை மட்டும் கொண்டே அமெரிக்க மக்கள்தொகையில் 87 விழுக்காட்டினரைத் தனித்து அடையாளம் காண முடியும் என்று 1990 மக்கள்தொகைக் கணக்கெடுப்பைக் கொண்டு அமெரிக்கக் கணினி அறிவியலாளர் லத்தான்யா ஸ்வீனி கணித்துக் காட்டினார். அவருடைய ஆய்வுகளிலிருந்து எழுந்த கொள்கையின் சாரம், ஒரே மாதிரி விவரம் உள்ளவர்கள் குறைந்தபட்சம் இத்தனை பேர் இருந்தாலன்றி எதையும் வெளியிடாதே என்பதே. அந்த எண் ஐந்தாகவோ பத்தாகவோ இருக்கலாம். இடுகை எழுத உட்காருவதற்கு முன்பே அதை முடிவு செய்திருக்க வேண்டும்.

தன் தளம் எதை யாருக்கு அனுப்புகிறது என்பதை அறிய எந்த நூலகருக்கும் நிபுணர் தேவையில்லை. நூலகத்தின் பட்டியலைக் கணினி உலாவியில் திறந்து எஃப்12 விசையை அழுத்தினால் வரும் உருவாக்குநர் கருவிகளில், நெட்வொர்க் என்னும் பகுதியைத் தேர்ந்தெடுக்க வேண்டும். பிறகு பக்கத்தைப் புதுப்பித்து, விவாகரத்துச் சட்டம் என்றே தேடிப் பார்க்கலாம். உலாவி தட்டிய கதவுகள் எல்லாம் வரிசையாக இறங்கிவரும். நூலகத்தின் பெயர் இல்லாத வரி ஒவ்வொன்றையும் அழுத்தினால், கோரிக்கையில் சென்ற ரெஃபரரும் குக்கீயும் அப்படியே தெரியும். சில வேளைகளில் முகவரிக்குள் விழுக்காட்டுக் குறிகளும் எண்களும் ஆங்கில எழுத்துகளுமாக நீண்ட ஒரு கோவை வரும். அதை நகலெடுத்து மறைநீக்கிப் பார்த்தால், தேடுபெட்டியில் சற்றுமுன் தட்டிய தமிழ்ச் சொற்களே திரும்பி வரும்.