சுகர் மாத்திரைக்குக் காப்பீட்டு அட்டை செல்லுமா?

முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்தில், ஆண்டு வருமானம் 1,20,000 ரூபாய்க்குள் இருக்கும் குடும்பத்துக்கு ஆண்டுக்கு 5 லட்சம் ரூபாய் வரை சிகிச்சை உண்டு. பெரும்பாலும் அது ஆஸ்பத்திரியில் சேர்ந்து எடுக்கும் சிகிச்சைக்கும் ஆபரேஷனுக்கும்தான். சிறுநீரகம் பழுதானால் டயாலிசிஸ் அதில் வரும். அந்த நிலைக்குப் போகாமல் காக்கிற அன்றாட மெட்ஃபார்மின் மாத்திரையும் இன்சுலினும் வராது.

இது தெரியாமல் மருந்துக்கடையில் அட்டையை நீட்டி, "இது இங்க செல்லாதும்மா" என்று கேட்டுத் திரும்பியவர்கள் என்னிடம் அடிக்கடி வருகிறார்கள். கையில் காசு இருக்கும் மாதம் முழு மாத்திரை, இல்லாத மாதம் பாதியாக உடைத்தது. கால் புண் ஆறவில்லை என்று வரும்போதுதான் இந்தக் கணக்கு வெளியே வருகிறது.

உண்மையில் அந்த மாத்திரைக்கு அட்டையே தேவையில்லை. ஆரம்ப சுகாதார நிலையத்திலும் அரசு மருத்துவமனையிலும் சர்க்கரை, ரத்த அழுத்தம் போன்றவற்றுக்கான தொற்றா நோய்ப் பிரிவு இருக்கிறது. அங்கே பதிந்துகொண்டால் மாத்திரையும் இன்சுலினும் இலவசம். நடக்க முடியாதவர்களுக்கு, 2021 ஆகஸ்டில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் மாத்திரை வீட்டுக்கே வரும். பழைய மருந்துச் சீட்டைக் கட்டாயம் எடுத்துப் போங்கள்.

தனியாரில் பேனா ஊசி போட்டவர்கள் அரசு இன்சுலினுக்கு மாறும்போது எனக்குக் கவலை அதிகம். நம் ஊர் இன்சுலின் பாட்டிலில் வழக்கமாக ஒரு மில்லிக்கு 40 யூனிட். பேனாவுக்குள் இருக்கும் மருந்துக் குழலான கார்ட்ரிட்ஜில் 100. சிவப்பு மூடி சிரிஞ்ச் 40-க்கு, ஆரஞ்சு மூடி 100-க்கு. மிச்சமிருக்கும் பேனா மருந்தைச் சிவப்பு மூடி சிரிஞ்சில் 20 கோடு வரை இழுத்தால் உள்ளே போவது 50 யூனிட். சர்க்கரை அடியோடு இறங்கி உயிருக்கே ஆபத்தாகும். பாட்டிலையும் சிரிஞ்சையும் சேர்த்து நர்ஸிடம் காட்டி, அவர் முன்னாலேயே ஒருமுறை இழுத்துப் பாருங்கள். இன்சுலின் வகையும் மாறியிருக்கலாம். அளவை டாக்டர்தான் சொல்ல வேண்டும்.

வீட்டில் சர்க்கரையைச் சோதிக்கும் ஸ்ட்ரிப்புக்குப் பெரும்பாலும் கைக்காசுதான். மாத்திரை மட்டும் போடும் பலருக்குத் தினமும் குத்திப் பார்க்கத் தேவையில்லை. உடலில் இன்சுலின் சுரக்காமல் ஊசியையே நம்பியிருக்கும் டைப் 1 சர்க்கரை நோய்ப் பிள்ளைகளுக்கோ ஒரு நாளில் பல முறை பார்த்தாக வேண்டும். கூலி வேலை செய்யும் பெற்றோரால் இந்தச் செலவைத் தாங்க முடிவதில்லை. குறைந்தது இந்தப் பிள்ளைகளுக்காவது இன்சுலினோடு ஸ்ட்ரிப்பையும் எல்லா அரசு மருத்துவமனைகளிலும் தடையில்லாமல் கொடுக்க வேண்டும்.