ஒருங்கமை சமன்பாடுகள்

ஆங்கில வழியில் படித்தவர்கள் 'சைமல்டேனியஸ் ஈக்குவேஷன்ஸ்' என்பதைத் தமிழ்ப் பாடநூல்கள் ஒருங்கமை சமன்பாடுகள் என்கின்றன. தெரியாத எண்கள் ஒன்றுக்கு மேல், அவற்றைப் பிணைக்கும் சமன்பாடுகளும் ஒன்றுக்கு மேல். எல்லாவற்றுக்கும் ஒருசேரப் பொருந்தும் மதிப்புகளே விடை.

சீனாவின் பழைய சூன்ஸி கணித நூலில் ஒரு வார்த்தைக் கணக்கு: ஒரே கூண்டில் கோழிகளும் முயல்களும்; தலை 35, கால் 94. எது எத்தனை? கோ + மு = 35 என்பதற்கு மட்டும் 30, 5 சரி; 20, 15உம் சரி. 2கோ + 4மு = 94 என்பதும் சேர்ந்த பிறகுதான் ஒரே விடை மிஞ்சும். முதல் சமன்பாட்டை இரண்டால் பெருக்கி, இரண்டாவதிலிருந்து கழித்தால் 2மு = 24. முயல் 12, கோழி 23. இது நீக்கல் முறை. உண்மையில் கழித்தல் சுலபம். அந்த இரண்டு வரிகளை எழுதுவதில்தான் பிள்ளைகள் தடுமாறுவார்கள். முயலுக்கு நாலு கால் என்று கணக்கில் சொல்லவே இல்லை, பாருங்கள்.

சைமல்டேனியஸின் வேர் 'சிமுல்' என்ற லத்தீன் சொல். 'ஒருசேர', 'ஒரே வேளையில்' என இரண்டு பொருளும் அதற்கு உண்டு. ஆங்கிலத்தில் நேரம்தான் தூக்கலாகத் தெரிகிறது. 'ஒரே நேரச் சமன்பாடு' என்று போகாமல் 'ஒருங்கு' என்பதைப் பிடித்தது நல்ல முடிவு. இந்தக் கணக்கில் நேரத்துக்கு வேலையே இல்லை. 'ஒருங்கு' பழைய சொல்தான். 'எண்பொருள் ஏனை இரண்டும் ஒருங்கு' என்கிறது குறள் 760: பொருள் சேர்த்தவருக்கு அறமும் இன்பமும் எளிதில் ஒருசேர வாய்க்குமாம். அல்ஜீப்ராவைத் தமிழ்நாட்டில் இயற்கணிதம் என்றும் இலங்கையில் அட்சரகணிதம் என்றும் சொன்னாலும், ஒருங்கமை இரு இடத்துக்கும் பொது.

தெரியாத எண்ணை நாம் மாறி என்கிறோம். 1150இல் பீஜகணிதம் என்ற இயற்கணித நூலை எழுதிய பாஸ்கரர் முதலாவதை 'யாவத்தாவத்' என்றார். அப்புறம் காளகம், நீலகம், பீதகம் என்று நிறங்களின் பெயர்.

ஒரே குறை. கோ + மு = 35, 2கோ + 2மு = 80 என்றால் தீர்வே கிடையாது. இப்படிப்பட்டதற்கும் பாடநூல் வைத்திருக்கும் பெயர் 'ஒருங்கமைவற்றது'. ஆக, ஒருங்கமை சமன்பாடுகள் ஒருங்கமைவற்றவை என்று எழுத வேண்டியதாகிறது! அந்த இடத்தில் 'முரண்பட்டவை' என்றே போட்டிருக்கலாம்.