ராத்திரியில் தானாகத் திரும்பிய கேமரா

தண்டையார்பேட்டையில் ஒரு அம்மா தனியாக இருக்கிறார். வயது எழுபதைத் தாண்டிவிட்டது, ஒரே மகன் சிங்கப்பூரில் வேலை செய்கிறார். அம்மா சாப்பிட்டாரா, மாத்திரை போட்டாரா, கீழே விழுந்துவிடவில்லையே என்று அங்கிருந்தே பார்த்துக்கொள்ள ஹாலில் ஒரு சுழலும் கேமரா, வாசலில் ஒன்று, இரண்டையும் பதிவு செய்ய ஒரு டிவிஆர். மாட்டியது நான் இல்லை. போன வருடம் அந்த அம்மா போன் செய்து, "தம்பி, ராத்திரில இந்த கேமரா தானா திரும்புதுப்பா. பையன்தான் பாக்குறான்னு நெனச்சேன். கேட்டா, நான் தூங்கிட்டிருந்தேம்மான்றான்" என்றார். எத்தனை நாளாக என்று கேட்டேன். "ஒரு வாரம் இருக்கும். இதுக்குப் போயி உன்ன இன்னாத்துக்கு தொந்தரவு பண்றதுன்னு வுட்டுட்டேன்."

இங்கே ராத்திரி பதினோரு மணி என்றால் சிங்கப்பூரில் ஒன்றரை. மகன் பார்த்திருக்க வாய்ப்பில்லை.

போய்ப் பார்த்தபோது கேமராவின் மேல் ஒரு டவலைப் போட்டு மூடி வைத்திருந்தார். சொந்த வீட்டில், புடவை மாற்றக்கூட சமையல்கட்டுக்குப் போக வேண்டியிருக்கிறது என்று அவர் சொன்னதை இன்னும் என்னால் மறக்க முடியவில்லை. இருபது வருடமாக ராயபுரம், வண்ணாரப்பேட்டை, திருவொற்றியூர் பக்கம் கேமராவும் நெட்வொர்க்கும் போட்டுக்கொண்டிருக்கிறேன். இந்தக் கட்டுரையை எழுத வைத்தது அந்த டவல்தான்.

ரௌட்டருக்குள் நுழைந்து பார்த்தேன். யூசர் நேம் அட்மின், பாஸ்வேர்டும் அட்மின். உள்ளே 80, 554, 8000 என்று மூன்று போர்ட்டுகள், அதாவது வெளியில் இருந்து உள்ளே வர எண் போட்ட கதவுகள், டிவிஆரை நோக்கித் திறந்து கிடந்தன. டிவிஆரின் பாஸ்வேர்டு 123456. இதற்கென்றே மாதாமாதம் தனிக் காசு கொடுத்து ஸ்டேட்டிக் ஐபி (மாறாத இணைய முகவரி) வேறு வாங்கியிருந்தார்கள். டிவிஆரில் லாக் என்று ஒரு பக்கம் உண்டு, பலர் அதைத் திறந்தே பார்ப்பதில்லை. யார், எந்த நேரத்தில், எந்த முகவரியில் இருந்து உள்ளே வந்தார்கள் என்று அதில் வரிசையாக இருக்கும். ஒரே ராத்திரியில் நான்கு வெவ்வேறு முகவரிகள். ஒன்றுகூட மகனுடையது இல்லை. இப்படி ஒன்று உங்கள் வீட்டில் நடந்தால், பதற்றத்தில் ரீசெட் பட்டனை அழுத்துவதற்கு முன் அந்தப் பக்கத்தைப் போட்டோ எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். சைபர் குற்றப் புகாருக்கான அரசு இணையதளத்தில் புகார் கொடுக்கும்போது கையில் இருக்கும் ஆதாரம் அது மட்டும்தான். ஒருவருடைய அந்தரங்க உடல் பகுதிகளை அவர் சம்மதமில்லாமல் படம் பிடிப்பதும் பரப்புவதும் தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 66இ பிரிவில் மூன்று வருடம் வரை சிறைத் தண்டனைக்குரிய குற்றம்.

"நம்ம வீட்ட யாரு அண்ணே வந்து பாக்கப்போறான், நாம என்ன மந்திரியா?" இதை எல்லா வீட்டிலும் கேட்கிறேன். உங்களைத் தேடிக்கொண்டு யாரும் வரவில்லை, அதுதான் விஷயமே. பழைய முறை இணைய முகவரிகள் மொத்தமே சுமார் 429 கோடிதான். அத்தனையிலும் ஒரு குறிப்பிட்ட போர்ட் திறந்திருக்கிறதா என்று நல்ல வேகமான ஒரே இணைப்பில் இருந்து ஒரு மணி நேரத்துக்குள் தட்டிப் பார்த்துவிடலாம் என்று மிச்சிகன் பல்கலைக்கழகத்து ஆட்கள் 2013-லேயே செய்து காட்டிவிட்டார்கள். திறந்து கிடக்கும் கேமராக்களையும் டிவிஆர்களையும் பட்டியல் போட்டுக் காட்ட ஷோடான் என்று ஒரு தேடுபொறியே இருக்கிறது. 2016-ல் மிராய் என்ற வைரஸ், கம்பெனியில் இருந்து வந்தபடியே மாற்றாமல் விட்ட பாஸ்வேர்டுகள் அறுபதுக்கும் மேல் கையில் வைத்துக்கொண்டு, கேமராவும் டிவிஆரும் ரௌட்டருமாக லட்சக்கணக்கில் பிடித்தது. அந்த அக்டோபர் 21-ம் தேதி அவற்றை எல்லாம் சேர்த்து ஏவிவிட்டு அமெரிக்காவில் ட்விட்டர், நெட்ஃப்ளிக்ஸ் எல்லாம் மணிக்கணக்கில் முடங்கும்படி செய்தார்கள். அதில் மாட்டிய வீட்டுக்காரர்களில் எத்தனை பேருக்குத் தன் வீட்டுப் பெட்டிதான் இதைச் செய்தது என்று தெரிந்திருக்கும்?

இதில் எங்கள் தொழில்காரர்களின் பங்கை மறைத்துப் பேசினால் நியாயம் இல்லை. உங்கள் வீட்டுச் சாதனங்கள் எல்லாம் ரௌட்டருக்குப் பின்னால்தான் இருக்கின்றன. 192.168 என்று தொடங்கும் முகவரி வீட்டுக்குள் மட்டும்தான் செல்லும், வெளியாள் அதை நேராகக் கூப்பிட முடியாது. இயல்பாகவே இருக்கிற அந்தப் பாதுகாப்பைத்தான் 'போர்ட் ஓப்பன் பண்ணித் தர்றேன்' என்று சொல்லி, சர்வீஸ் சார்ஜும் வாங்கிக்கொண்டு நாங்கள் உடைக்கிறோம். வேலை பத்து நிமிடத்தில் முடிந்துவிடும், போனில் படம் தெரியும், வாடிக்கையாளர் சந்தோஷமாகிவிடுவார். நானும் பல வருடம் அப்படித்தான் செய்தேன், பிறகு ஒவ்வொரு வீடாகத் திரும்பப் போய் மூடினேன். சிலர் 8000-ஐ 8765 என்று மாற்றிவிட்டால் போதும் என்பார்கள். போதாது. தட்டுகிறவன் எல்லா எண்ணையும்தான் தட்டுகிறான்.

சரி, அப்படியென்றால் வெளியூரில் இருந்து எப்படித்தான் பார்ப்பது? டிவிஆரை வெளியே கொண்டுவராதீர்கள், உங்கள் போனை வீட்டுக்குள் கொண்டுவாருங்கள். அதற்குத்தான் விபிஎன், இணையத்தின் வழியாகவே பூட்டுப் போட்ட ஒரு தனி வழி. விளம்பரத்தில் வருகிற, மாதச் சந்தா கட்டி வேறு நாட்டில் இருப்பது போல் காட்டிக்கொள்கிற விபிஎன் இல்லை இது. உங்கள் வீட்டிலேயே ஓடுவது, உங்கள் வீட்டு ஆட்களுக்கு மட்டுமானது. சிங்கப்பூரில் இருக்கும் போன், தண்டையார்பேட்டை ஹாலில் வைஃபையில் இருக்கிற மாதிரி ஆகிவிடும்.

முதலில் ஒன்றைப் பார்த்துவிடுங்கள். ரௌட்டரின் ஸ்டேட்டஸ் பக்கத்தில் வான் ஐபி என்று ஒரு எண் இருக்கும், நெட் கொடுக்கிறவர் உங்கள் ரௌட்டருக்குத் தந்த முகவரி அது. அந்த எண் 100.64-ல் இருந்து 100.127-க்குள் தொடங்கினால், நெட் கொடுக்கிறவர் ஒரே வெளி முகவரியைப் பல வீடுகளுக்குப் பங்கு போட்டிருக்கிறார் என்று அர்த்தம். நம்ம பக்கம் பெரும்பாலான வீடுகளில் நான் பார்ப்பது இதுதான். வெளியில் இருந்து உங்கள் ரௌட்டரை நேராக எட்ட முடியாது. இது குறை இல்லை, நல்லதுதான்.

வான் ஐபி உங்களுக்கே உரியது, ரௌட்டரிலும் வயர்கார்டு வசதி இருக்கிறது என்றால் அதையே போட்டுவிடலாம். வயர்கார்டு 2020 மார்ச்சில் லினக்ஸ் இயங்குதளத்தின் மையமான கெர்னலுக்குள்ளேயே சேர்ந்துவிட்ட விபிஎன். இதற்கும் ஒரு போர்ட் வேண்டும், வழக்கமாக யுடிபி 51820. அப்புறம் அதுவும் போர்ட் திறப்பதுதானே என்று கேட்பீர்கள். வித்தியாசம் இருக்கிறது: டிவிஆர் யார் தட்டினாலும் 'பாஸ்வேர்டு சொல்லு' என்று பதில் கொடுக்கும், சரியான சாவி இல்லாதவன் தட்டினால் வயர்கார்டு வாயே திறக்காது. அங்கே ஒன்று இருக்கிறது என்பதே அவனுக்குத் தெரியாது. ஒவ்வொரு போனுக்கும் தனிச் சாவி, க்யூஆர் ஸ்கேன் செய்தால் போனில் ஏறிவிடும்.

அந்த அம்மா வீட்டில் நான் செய்தது வேறு. ஸ்டேட்டிக் ஐபியை நிறுத்தச் சொன்னேன், மாதக் காசு மிச்சம். மூன்று போர்ட்டையும் மூடினேன். ரௌட்டரில் யுபிஎன்பி என்று ஒரு வசதி இருக்கும், அதையும் அணைத்தேன். அது இருந்தால் நீங்கள் மூடிய போர்ட்டை டிவிஆர் தானே கேட்டுத் திறந்துகொள்ளும். பிறகு டிவி ஸ்டாண்டில் ராஸ்பெரி பை என்ற ஒரு சின்ன கம்ப்யூட்டரை வைத்து, அதில் டெயில்ஸ்கேல் என்ற விபிஎன் மென்பொருளைப் போட்டேன். உள்ளுக்குள் அதுவும் வயர்கார்டுதான். ஆனால் வெளியில் இருந்து யாரும் உள்ளே வர வேண்டியதில்லை, பை உள்ளிருந்து வெளியே பேசி இணைப்பை ஏற்படுத்திக்கொள்ளும். அதனால் பங்கு போட்ட முகவரியிலும் வேலை செய்கிறது, தனி ஆள் உபயோகத்துக்குக் காசும் இல்லை.

இங்கே மூன்று இடங்களில் ஆட்கள் தடுக்கி விழுகிறார்கள். பை வழியாக வீட்டு நெட்வொர்க் முழுவதையும் திறந்துவிடாதீர்கள், டிவிஆரின் முகவரி ஒன்றை மட்டும் கொடுங்கள்; மகனின் போன் தொலைந்தாலும் அது எட்டக்கூடியது அந்த ஒரு பெட்டியை மட்டும்தான். அதற்கு டிவிஆருக்கு மாறாத உள்முகவரி வேண்டும், ரௌட்டரிலேயே அதைப் பூட்டி வைக்கலாம். அடுத்து, டெயில்ஸ்கேல் கொடுக்கும் சாவி 180 நாளில் காலாவதி ஆகும்படி இருக்கும். பைக்கு மட்டும் அதை அணைத்து வைக்க வேண்டும், இல்லாவிட்டால் ஆறு மாதம் கழித்து ஒரு நாள் படம் வராது, மகன் அங்கே பதறிப்போவார். மூன்றாவது, இங்கேயும் 192.168.1, சிங்கப்பூரில் அவர் அறையிலும் 192.168.1 என்றால் போன் குழம்பிவிடும், வீட்டு எண்ணை 192.168.47 மாதிரி யாரும் வைக்காத ஒன்றாக மாற்றிவிடுங்கள். எல்லாம் முடிந்ததும் வைஃபையை அணைத்துவிட்டு மொபைல் டேட்டாவில் சோதியுங்கள். விபிஎன் போட்டால் படம் வர வேண்டும், அணைத்தால் வரக்கூடாது. இரண்டாவதைச் சோதிக்காமல் எழுந்து போகாதீர்கள்.

கடல் பக்கத்து வீடுகளில் இன்னொன்றும் கவனித்தேன். உப்புக்காற்றில் நெட் கேபிளின் ஆர்ஜே45 ஜாக்கில் இருக்கும் உலோகப் பின்கள் பச்சை பூத்துவிடும், லைன் விட்டு விட்டு வரும், நாம் விபிஎன்னைத் திட்டிக்கொண்டிருப்போம். அந்த வீட்டிலும் ஜாக் மாற்றிய பிறகுதான் படம் சீராக வந்தது.

பெட்டியின் மேல் இருக்கும் க்யூஆரை ஸ்கேன் செய்து கம்பெனி ஆப்பில் பார்ப்பது எப்படி என்று கேட்கிறார்கள். போர்ட் திறப்பதை விட அது மேல். ஆனால் உங்கள் ஹாலின் படம் இன்னொருவரின் சர்வரை நம்பி இருக்கிறது. நல்ல நீளமான பாஸ்வேர்டு, ஓடிபி வசதி இருந்தால் அது, பெட்டிக்கு வரும் அப்டேட், இவை மூன்றும் இருந்தால் வாசல் கேமராவுக்கு நான் சம்மதிப்பேன். வீட்டுக்குள் இருக்கும் கேமராவுக்கு மாட்டேன்.

கேமராவோடு இது நிற்பதில்லை. எம்.சி. ரோட்டில் ஒரு ஜவுளிக்கடையில், கணக்குப்பிள்ளை வீட்டில் இருந்தே பில்லிங் கம்ப்யூட்டரைப் பார்க்க ரிமோட் டெஸ்க்டாப்பின் 3389 போர்ட்டைத் திறந்து வைத்திருந்தார்கள். தீபாவளிக்கு மூன்று வாரம் இருக்கும்போது காலையில் கடை திறந்தால் எல்லா ஃபைலும் பூட்டிக் கிடந்தது, பணம் கேட்டு ஒரு குறிப்பு. ஆடிட்டரிடம் இருந்த இருபது நாள் பழைய பென்டிரைவ்தான் காப்பாற்றியது. நடுவில் இருந்த பில்களைக் கார்பன் காப்பியைப் பார்த்துக் கையால் ஏற்றினார்கள். அங்கேயும் மருந்து இதேதான், விபிஎன்னுக்குள் வந்த பிறகுதான் ரிமோட் டெஸ்க்டாப். கல்யாண போட்டோக்களை நாஸ் பெட்டியில் (நெட்வொர்க்கில் மாட்டும் ஹார்ட் டிஸ்க் பெட்டி) வைத்திருக்கும் ஸ்டூடியோக்காரர்களும் கவனியுங்கள். 2022 ஜனவரியில் டெட்போல்ட் என்ற வைரஸ், இணையத்துக்குத் திறந்து கிடந்த க்யூநாப் கம்பெனி நாஸ் பெட்டிகளைப் பூட்டி ஆளுக்கு 0.03 பிட்காயின் கேட்டது.

அந்த அம்மா வீட்டில் வேலை முடிந்ததும், ஹால் கேமராவைச் சுவர்ப் பக்கமாக மாற்றி, கட்டிலும் அலமாரியும் தெரியாமல், வாசலில் இருந்து சமையல்கட்டுக்குப் போகும் வழி மட்டும் தெரியும்படி வைத்தேன். புது பாஸ்வேர்டுகளைப் பால் கணக்கு நோட்டின் கடைசிப் பக்கத்தில் அவர் கையாலேயே எழுத வைத்தேன், என் போனில் வைத்துக்கொள்ளவில்லை. மாட்டுகிற ஆளிடம் உங்கள் வீட்டு பாஸ்வேர்டு இருக்கக்கூடாது, நான் உட்பட. இரண்டு மாதம் கழித்து மகன் கூப்பிட்டு, "அண்ணே, புது போன் வாங்கிட்டேன், பழசை வித்துட்டேன், இதுல எப்படிப் போடறது?" என்றார். புதுசைச் சேர்ப்பதற்கு முன்னால், விற்ற போனைப் பட்டியலில் இருந்து எடுக்கச் சொன்னேன். லைனில் இருந்தபடியே எடுத்தார்.