எட்டு மூலைகள் கூடும் இடம்

"தொழிற்சாலையில் அறை அறையாகச் செய்து, லாரியில் கொண்டுவந்து, கிரேனால் தூக்கி அடுக்கிவிடுகிறார்களே, அந்த அறைகளை ஒன்றோடொன்று பிடித்து நிறுத்துவது எது? பலத்த காற்றடித்தால் சரியாதா?" என்று ஒரு வாசகர் கேட்டிருந்தார். கேட்க வேண்டிய கேள்விதான். எஃகுச் சட்டக மாடுலர் கட்டிடத்தின் சாமர்த்தியமும் ஆபத்தும் அறையின் மூலையில், உள்ளங்கை அகலத்துக்குள் அடங்கிவிடுகின்றன.

அறையின் எலும்புக்கூடு எளிமையானது. நான்கு மூலையிலும் 100 முதல் 150 மி.மீ. பக்கமுள்ள சதுரக் குழாய்த் தூண்கள். அவற்றை மேலும் கீழும் சேர்க்கும் விளிம்பு உத்திரங்கள். சுவருக்கும் தளத்துக்கும் 1.2 முதல் 2.4 மி.மீ. தடிமனுள்ள ஜி.ஐ. (துத்தநாகம் பூசிய இரும்பு) தகட்டை 'சி' வடிவில் மடித்த சட்டங்கள். சுவரில் இவை 400 அல்லது 600 மி.மீ. இடைவெளியில் நிற்கும். ஜிப்சம் பலகையின் அகலம் 1200 மி.மீ. என்பதால், எந்த இடைவெளியை எடுத்தாலும் பலகையின் விளிம்பு ஒரு சட்டத்தின் மேல் வந்து முடியும். தூணுக்குச் சதுரக் குழாய் எதற்கு? 'ஐ' வடிவத் தூண் ஒரு திசையில் பலசாலி, குறுக்குத் திசையில் நோஞ்சான். மூலையில் நிற்பதற்கு இரண்டு திசையிலும் ஒரே பலம் வேண்டும்.

3.6 மீட்டர் அகலமும் 9 மீட்டர் நீளமும் உள்ள ஓர் அறை, ஆட்களோடும் சாமான்களோடும் சேர்ந்து 16 டன் என்று வைத்துக்கொள்வோம். மூலைக்கு 4 டன். பத்து மாடி அடுக்கினால் அடித்தூண் ஒவ்வொன்றிலும் 40 டன்.

இப்போது மூலைக்கு வருவோம். கட்டிடத்தின் நடுவே ஓர் இடத்தில் கீழ்மாடியின் நான்கு அறைகளும் மேல்மாடியின் நான்கு அறைகளும் சந்திக்கின்றன. எட்டுத் தூண்முனைகள் ஒரே புள்ளியில் கூடுகின்றன. கீழிருக்கும் நான்கு தூண்களின் தலையிலும் ஒரே எஃகுப் பிளேட்டைப் போர்த்துகிறார்கள். அந்தப் பிளேட்தான் பக்கத்து அறைகளை இழுத்துப் பிடிக்கும் கை. அதன்மேல் நான்கு கூம்பு முனைகள் நீட்டிக்கொண்டிருக்கும். கிரேனில் இறங்கும் மேலறையின் தூண், தன் அடித்துளையைக் கூம்பின் நுனியில் நுழைத்ததும், அதன் சரிவே அறையைச் சரியான இடத்துக்கு வழுக்கிக் கொண்டுபோகிறது. பல டன் எடையுள்ள அறை கடைசி சில மில்லிமீட்டரைத் தன் எடையாலேயே நகர்ந்து முடித்துக்கொள்கிறது. எத்தனை முறை பார்த்தாலும் அலுக்காத காட்சி இது.

அடுத்தது போல்ட். மூன்று பக்கமும் அறைகள் நெருக்கி நிற்கையில் ஸ்பேனரை எங்கே நுழைப்பது? இரண்டு வழிகள் உண்டு. அறையின் உட்புறமாகத் தூணில் கை நுழையுமளவு ஜன்னல் வெட்டி, முடுக்கியபின் பலகையால் மூடுவது ஒன்று. தூணின் உச்சியிலிருந்து நீண்ட மரையிட்ட கம்பியைக் குழாய்க்குள் இறக்கி, மேலிருந்தே முடுக்குவது இன்னொன்று. 24 மி.மீ. போல்ட்டுக்கு 26 மி.மீ. துளை போடுவது வழக்கம். மையத்திலிருந்து பக்கத்துக்கு 1 மி.மீ. இடம் கிடைக்கிறது. போல்ட்டின் இறுக்கம் குறைந்தால் காற்றின் தள்ளலில் ஒவ்வொரு மாடியும் அந்த ஒரு மில்லிமீட்டரை வழுக்கும். பத்து மாடியில் அது உச்சியில் 10 மி.மீ. கூடுதல் ஆட்டம். ஆகவே பிளேட்டுகளுக்கு இடையிலான உராய்வே பிடித்துக்கொள்ளும் அளவுக்கு டார்க் ரென்ச்சால் (இறுக்கத்தை அளந்து முடுக்கும் ஸ்பேனரால்) இறுக்க வேண்டும்.

இந்த மூலைக்கு முதல் எதிரி அளவுப்பிழை. ஒவ்வொரு அறையிலும் 3 மி.மீ. பிழை, ஒரு தடவை இடமும் ஒரு தடவை வலமுமாக விழுந்தால் பத்து மாடியில் அது 30 மி.மீ. ஆகாது. பத்தின் வர்க்கமூலத்தால் பெருகி, ஏறக்குறைய 9.5 மி.மீ.யில் நிற்கும். ஆனால் தொழிற்சாலையில் சட்டத்தை வெல்டிங் செய்யும் அச்சுமேடையே 3 மி.மீ. கோணலாக இருந்தால் எல்லா அறையும் ஒரே பக்கம் சாயும். அப்போது முழு 30 மி.மீ. வரும். தொழிற்சாலையில் செய்தாலே துல்லியம் என்பதை நான் ஒரு மூடநம்பிக்கை என்றே சொல்வேன். அச்சு தவறினால் அது தவறை நகலெடுக்கும் இயந்திரம்.

இதைப் பிடிக்க மூலைவிட்டங்களை அளந்தால் போதும். 9 × 3.6 மீட்டர் சட்டத்தின் இரண்டு மூலைவிட்டங்களும் 9,693 மி.மீ. இருக்க வேண்டும். நீளவாக்கில் 3 மி.மீ. கோணல் விழுந்தால் ஒன்று நீண்டு மற்றொன்று குறுகி, இரண்டுக்கும் சுமார் 5.6 மி.மீ. வித்தியாசம் வரும். கண்ணுக்குத் தப்பும் பிழையை டேப் இரட்டிப்பாக்கிக் காட்டிவிடுகிறது. வெயில் பட்ட சட்டத்தை அளக்கக் கூடாது. 20 டிகிரி சூடேறினால் 9 மீட்டர் எஃகு 2 மி.மீ.க்கு மேல் நீளும். தளத்தில் ஒவ்வொரு மாடியையும் தரையிலுள்ள நிலையான குறியிலிருந்தே அளக்க வேண்டும். கீழ்மாடியிலிருந்து அளந்தால் அதன் பிழையும் சேர்ந்தே மேலேறும்.

உயரத்தில் வரும் பிழை வேறு விதமாகத் துன்பம் தரும். ஒரு மூலை 3 மி.மீ. தாழ்ந்திருந்தால், கால் குட்டையான ஸ்டூல் மாதிரி, எடை பெரும்பாலும் எதிரெதிர் இரண்டு மூலைகளுக்குப் போய்விடும். 4 டன் தாங்கவேண்டிய மூலை 8 டன் வரை சுமக்க நேரும். பிறகு மேலே எடை ஏற ஏற அறை முறுகி அந்த இடைவெளியை மூடும். கதவு சட்டத்தில் உரசும், ஜன்னல் மூலையில் ஜிப்சம் பலகையில் சாய்வாக விரிசல் விழும். கிரேன் கொக்கியைக் கழற்றுமுன் 1, 2, 3 மி.மீ. ஷிம் தகடுகளை (இடைவெளியை நிரப்பும் மெல்லிய தகடுகளை) செருகி நான்கு மூலையும் அமர்ந்ததா என்று பார்ப்பது இதற்காகத்தான்.

தூண்களின் தலையில் போர்த்தும் அந்தப் பிளேட்டைச் சிக்கனத்துக்காக மெலிதாக்கச் சொல்பவர்களுக்கு 1968 மே 16-ஐ நினைவூட்ட வேண்டும். லண்டனின் ரோனன் பாயிண்ட் என்ற 22 மாடிக் கட்டிடத்தில், 18-வது மாடியில் எரிவாயு வெடித்து ஒரு சுவர் வெளியே தள்ளப்பட்டது. கான்கிரீட் பலகைகளின் பிணைப்பு பலவீனமாக இருந்ததால் ஒரு மூலை முழுவதும் மேலிருந்து கீழ்வரை சரிந்தது. நான்கு பேர் இறந்தனர். ஓர் அறை தன் தாங்கலை இழந்தாலும் பக்கத்து அறைகள் அதைத் தொங்கவிட்டுப் பிடிக்க வேண்டும் என்ற விதி அதிலிருந்து பிறந்தது. எஃகு அறைகளில் அந்த வேலையைச் செய்வது இந்தப் பிளேட்தான். இத்தகைய இணைப்புகளை முழு அளவில் செய்து, உடையும்வரை இழுத்துப் பார்க்கும் ஆய்வுகளுக்கு இன்னும் தாராளமாகப் பணம் ஒதுக்க வேண்டும். துளைக்குள் வழுக்கும் அந்த ஒரு மில்லிமீட்டரைக் கணினி மாதிரி மட்டும் வைத்து நம்புவது எனக்கு உடன்பாடில்லை.

காற்றுக்கு வருவோம். சில மாடிகள் வரை அறைச் சுவர்களுக்குள் இருக்கும் குறுக்குச் சட்டங்களே போதும். உயரம் கூடினால் லிஃப்ட்டும் படிக்கட்டும் உள்ள கான்கிரீட் கூடு காற்றைத் தாங்கும். அறைகள் பிளேட் வழியாகத் தங்கள் தள்ளலை அதனிடம் ஒப்படைக்கும். ஆக, காற்றுக்கான பதிலும் அதே மூலையில் போய் முடிகிறது. தூணின் ஜன்னலை மூடுமுன் ஒவ்வொரு போல்ட்டையும் எண்ணிட்டுப் படம் எடுத்து வைக்க வேண்டும். பலகை ஏறியபின் சுவரை உடைக்காமல் அந்த இறுக்கத்தை யாரும் சரிபார்க்க முடியாது.