கார் கடன் முடிந்த அடுத்த மாதம்

ஆலோசனைக்கு வருபவர்களுக்கு கார் கடன் இருந்தால் நான் தவறாமல் கேட்கும் கேள்வி ஒன்று உண்டு: "கடன் முடிந்த அடுத்த மாதம் அந்தத் தவணைப் பணம் எங்கே போகும்?" பெரும்பாலும் பதில் வராது. கடனைச் சீக்கிரம் அடைக்கத் துடிப்பவர்கள்கூட அதை யோசித்திருக்க மாட்டார்கள்.

முதலில் அடைப்பதைப் பார்ப்போம். 5 லட்சம் கடன், குறையும் நிலுவைக்கு (அதாவது மீதமிருக்கும் அசலுக்கு மட்டும்) 9 சதவீத வட்டி, 60 மாதத் தவணை என்று வைத்துக்கொள்வோம். மாதத் தவணை 10,379 வரும். முதல் ஆண்டு முழுக்கக் கட்டும் சுமார் 1,24,500-இல் அசலில் கழிவது 83,000 மட்டும். மீதி வட்டிக்கே சரி. இதே கடனில் தொடக்கத்திலிருந்தே மாதம் 2,000 கூடுதலாகக் கட்டினால் 49-ஆவது மாதத்தில் கடன் தீர்ந்துவிடும். வட்டியில் ஏறக்குறைய 25,000 மிச்சம். கூடுதல் பணத்தை ஆரம்ப வருடங்களிலேயே கட்டுவதுதான் லாபம். கடைசி ஆறு மாதத்தில் மொத்தமாக அடைத்தால் மனநிம்மதி கிடைக்கும், வட்டியில் பெரிதாக ஒன்றும் மிஞ்சாது.

இதில் ஒரு சிக்கல் உண்டு. என்னிடம் வந்த ஒருவர் ஒவ்வொரு மாதமும் ஒழுங்காகக் கூடுதல் பணம் கட்டிவந்தார். கடன் கணக்கு அறிக்கையை விரித்துப் பார்த்தால் அசல் பழைய அட்டவணைப்படியேதான் குறைந்திருந்தது. கட்டிய கூடுதல் தொகையெல்லாம் 'முன்கூட்டிப் பெற்ற தவணை' என்ற பெயரில் தனியாகக் கிடந்தது. அதனால் அவருக்கு வட்டியில் ஒரு பைசாகூடக் குறையவில்லை. ஆகவே கூடுதல் பணம் கட்டும்போதே "இதை அசலில் கழியுங்கள், தவணைத் தொகை அப்படியே இருக்கட்டும், காலத்தைக் குறையுங்கள்" என்று எழுத்தில் கொடுங்கள். அடுத்த மாத அறிக்கையில் அசல் குறைந்திருக்கிறதா என்று உங்கள் கண்ணால் பாருங்கள்.

கடன் ஒப்பந்தத்தையும் எடுத்துப் படியுங்கள். முன்கூட்டி அடைக்கக் கட்டணம் உண்டா, எத்தனை மாதத்துக்குப் பிறகு அனுமதி என்பதெல்லாம் அதில்தான் இருக்கும். வட்டி 'ஃப்ளாட்' முறையில், அதாவது கடைசிவரை முழுக் கடன் தொகைக்கும், போடப்பட்டிருந்தால் இன்னும் கவனம் தேவை. ஃப்ளாட் 9 சதவீதம் என்பது குறையும் நிலுவைக் கணக்கில் 15 சதவீதத்தைத் தாண்டும். முன்கூட்டி அடைத்தால் எவ்வளவு தள்ளுபடி என்று கேட்டு, எழுதி வாங்கிய பிறகே முடிவெடுங்கள்.

கிரெடிட் கார்டு நிலுவை இருந்தால் முதலில் அதைத் தீருங்கள், அதன் வட்டி கார் கடனை விட மிக அதிகம். அவசரத்துக்கென்று சில மாதச் செலவுப் பணம் கையில் இல்லாமல், இருப்பதையெல்லாம் துடைத்துக் கார் கடனில் கொட்டுவதையும் நான் ஏற்க மாட்டேன். வேலை போனால் அந்தப் பணத்தை யாரும் திருப்பித் தர மாட்டார்கள்.

சரி, கடன் தீர்ந்தது. பாக்கி இல்லை என்ற சான்றை வாங்கி, பதிவுச் சான்றிதழிலும் காப்பீட்டிலும் கடன் கொடுத்தவரின் பெயரை உடனே நீக்கிவிடுங்கள். வண்டியை விற்கும் நேரத்தில் இதற்காக அலைபவர்களை நிறையப் பார்க்கிறேன்.

அப்புறம்தான் முக்கியமான வேலை. தவணை பிடித்த அதே தேதியில் அதே 10,379 அடுத்த காருக்கென்று உங்களுடைய தனிக் கணக்குக்குத் தானாகப் போகும்படி ஏற்பாடு செய்யுங்கள். அந்தப் பணம் இல்லாமல் குடும்பம் நடத்த ஏற்கெனவே பழகியிருக்கிறீர்கள். ஒரே ஒரு மாதம் இடைவெளி விட்டாலும் அது வீட்டுச் செலவில் கரைந்துவிடும். 48 மாதம் போட்டால் வட்டியே சேர்க்காமல் 4,98,000-க்கு மேல் சேரும். போன முறை கடனாக வாங்கிய தொகை கிட்டத்தட்ட முழுதாக உங்கள் கையில்! பழைய வண்டியை விற்கும் பணமும் இதோடு சேரும். கார் விலை ஏறியிருந்தாலும், கடன் தேவைப்பட்டால் அது சிறியதாகத்தான் இருக்கும்.

நான்கு வருடத்தில் வேண்டிய பணம் என்பதால் இதைப் பங்குச் சந்தையில் போட வேண்டாம். வங்கியில் மாதாமாதம் போடும் தொடர் வைப்பு (ஆர்.டி.) போதும். டயர், பேட்டரி, பழுதுச் செலவுக்கு வேறாக ஒரு சிறு தொகை ஒதுக்குங்கள். இல்லாவிட்டால் வண்டி பணிமனைக்குப் போகும்போதெல்லாம் புதுக் காருக்கான சேமிப்பில்தான் கை வைப்பீர்கள்.