விரல் விட்டு எண்ணட்டும், தடுக்காதீர்கள்

அக்கா மகள், எங்கள் பாப்பா, இரண்டாம் வகுப்பு படிக்கிறாள். திருப்பாதிரிப்புலியூரில் எங்கள் வீட்டுக்கும் அவர்கள் வீட்டுக்கும் நடுவே இரண்டு தெருதான், அதனால் சாயங்காலமானால் நோட்டை எடுத்துக்கொண்டு இங்கே வந்துவிடுவாள். ஒரு நாள் 8 + 5 போட்டுக்கொண்டிருந்தவள் இடது கையை மேசைக்குக் கீழே வைத்திருந்தாள். கையில் அடிபட்டுவிட்டதோ என்று கேட்டேன். "இல்ல சித்தி, விரல்ல எண்ணக் கூடாதுன்னு மிஸ் சொல்லிட்டாங்க, மனசுலயே போடணுமாம்" என்றாள். கீழே ஒளித்துவைத்து எண்ணிக்கொண்டிருக்கிறாள்!

ஏழு வயதுக் குழந்தை தன் விரலை மறைத்துக் கணக்குப் போடுவதைப் பார்க்க எனக்குத் தாங்கவில்லை. அவள் செய்ததில் ஒரு தப்பும் இல்லை. அந்த வயதில் மூளை கணக்கைக் கற்கும் வழியே அதுதான், எப்படி என்று கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன்.

முதலில் ஒரு சின்ன சோதனை. மூன்று புளியங்கொட்டையைத் தரையில் போட்டுக் குழந்தையிடம் எத்தனை என்று கேளுங்கள். எண்ணாமலே "மூணு" என்று வரும். ஏழு கொட்டையைப் போட்டால் வாய் முணுமுணுக்க ஆரம்பித்துவிடும். நமக்கும் அப்படித்தான், மூன்று நான்கு வரைக்கும் பார்த்தவுடன் தெரிகிறது, அதற்கு மேல் போனால் எண்ண வேண்டியிருக்கிறது. (கடலூர் மாவட்டத்தில் இருந்துகொண்டு முந்திரிக்கொட்டையை ஏன் சொல்லவில்லை என்று கேட்காதீர்கள். பச்சை முந்திரிக்கொட்டையின் ஓட்டில் இருக்கும் எண்ணெய் பட்டால் தோல் வெந்துவிடும், பண்ருட்டிப் பக்கம் கொட்டை உடைக்கும் பெண்களின் கைகளைப் பார்த்தவர்களுக்குத் தெரியும். புளியங்கொட்டையே போதும்.)

சின்ன எண்ணிக்கைகளைக் கண்ணாலேயே பிடிக்கும் இந்தத் திறமை பேச்சு வருவதற்கு முன்பே இருக்கிறது. கேரன் வின் என்ற அமெரிக்க உளவியலாளர் 1992-ல் ஐந்து மாதக் குழந்தைகளுக்கு ஒரு பொம்மையைக் காட்டி, அதைத் திரையால் மறைத்து, குழந்தை பார்க்கப் பார்க்க இன்னொரு பொம்மையைத் திரைக்குப் பின்னால் வைத்தார். திரையை இறக்கும்போது இரண்டு பொம்மை இருந்தால் குழந்தைகள் அதிகம் கண்டுகொள்ளவில்லை. ஒன்றே ஒன்று இருந்தபோது கூடுதல் நேரம் உற்றுப் பார்த்தார்கள். கணக்கு இடிக்கிறது என்பது ஏதோ ஒரு வகையில் அந்த வயதிலேயே உறைக்கிறது.

ஆனால் இந்தப் பிறவிச் சொத்து மூன்று நான்கோடு சரி. ஐந்துக்கு மேல் துல்லியம் வேண்டுமென்றால் எண்களின் பெயர்கள் வேண்டும், பெயர்கள் தெரிந்தாலும் போதாது. மூன்று வயதுப் பிள்ளை பத்து வரை கடகடவென்று ஒப்பிப்பதைப் பார்த்து வீட்டில் எல்லோரும் கைதட்டுகிறோம், அது பாட்டு மாதிரிதான். ஐந்து கொட்டையை எண்ணச் சொல்லிவிட்டு "சரி, மொத்தம் எத்தனை?" என்று கேட்டுப் பாருங்கள். மறுபடி ஒன்றிலிருந்து எண்ண ஆரம்பித்தால், கடைசியாகச் சொன்ன எண்தான் மொத்தம் என்பது அந்தப் பிள்ளைக்கு இன்னும் பிடிபடவில்லை என்று அர்த்தம். ரோஷெல் கெல்மன், ராண்டி கேலிஸ்டல் என்ற இரு உளவியலாளர்கள் 1978-ல் எண்ணுவதற்குள் ஒளிந்திருக்கும் விதிகளைப் பிரித்துக் காட்டினார்கள். ஒரு பொருளுக்கு ஒரு சொல், சொற்களின் வரிசை மாறக் கூடாது, கடைசிச் சொல்தான் மொத்தம், எந்தப் பொருளையும் எண்ணலாம், எந்தப் பக்கத்திலிருந்து தொடங்கினாலும் மொத்தம் மாறாது. நமக்கு இதெல்லாம் சொல்லவே தேவையில்லாத விஷயம், குழந்தைக்கு ஒவ்வொன்றும் ஒரு கண்டுபிடிப்பு.

இதில் தமிழ் நமக்குப் பெரிய உதவி செய்கிறது, நாம் அதைக் கவனிப்பதே இல்லை. பதினொன்று, பன்னிரண்டு, பதின்மூன்று என்று சொல்லும்போதே உள்ளே பத்தும் ஒன்றும், பத்தும் இரண்டும் காதில் விழுகின்றன. ஆங்கிலத்தின் இலெவன், ட்வெல்வில் பத்து எங்கே இருக்கிறது? எண்ணின் பெயரிலேயே பத்து தெளிவாகத் தெரியும் சீன மொழிக் குழந்தைகள் பத்தைத் தாண்டி எண்ணுவதை அமெரிக்கக் குழந்தைகளைவிட விரைவாகப் பிடித்துக்கொள்கிறார்கள் என்று ஆய்வுகளே இருக்கின்றன. புதுச்சேரியில் பிரெஞ்சு வழியில் படிக்கும் பிள்ளைகளை நினைத்துப் பாருங்கள், அவர்கள் 97-ஐ "நாலு இருபது பத்து ஏழு" என்ற மாதிரிச் சொல்ல வேண்டும்.

தமிழிலும் வழுக்கும் இடம் உண்டு. எழுபது, எண்பது என்று ஒழுங்காகப் போய்க்கொண்டிருந்தது திடீரென்று தொண்ணூறு ஆகிவிடுகிறது, உள்ளே நூறு என்ற ஒலி வந்து உட்கார்ந்துகொள்கிறது. அடுத்து தொள்ளாயிரத்துக்குள் ஆயிரம். பாப்பா 89-க்குப் பிறகு ஒரு நிமிடம் முழிப்பதற்கும், "நூற்றி ஐந்து" என்றால் 1005 என்று எழுதுவதற்கும் காரணம் அவளுடைய கவனக்குறைவு இல்லை, காதில் விழுந்ததை அப்படியே எழுதியிருக்கிறாள். அப்புறம் ஆங்கில வழிப் பிள்ளைகள். பதினேழு என்னும்போது பத்து முதலில் வருகிறது, எழுதும்போதும் 1 முதலில் வருகிறது. செவன்டீன் என்னும்போது ஏழு முதலில் கேட்பதால் சிலர் 71 என்று எழுதிவிடுவார்கள். அந்த மாதிரி நேரத்தில் வீட்டில் ஒரு முறை தமிழில் சொல்லிக் காட்டினால் முடிச்சு அவிழ்கிறது, நான் பார்த்திருக்கிறேன்.

இப்போது அந்த 8 + 5-க்கு வருவோம். ஆரம்பத்தில் பிள்ளைகள் எட்டையும் தனியாக எண்ணி, ஐந்தையும் தனியாக எண்ணி, பிறகு மொத்தத்தையும் ஒன்றிலிருந்து எண்ணுவார்கள். கொஞ்ச நாளில் எட்டை எண்ண வேண்டியதில்லை, அதை மனதில் வைத்துக்கொண்டு ஒன்பது, பத்து, பதினொன்று என்று மேலே போகலாம் என்று கண்டுபிடிக்கிறார்கள். 3 + 9 வந்தால் ஒன்பதிலிருந்து தொடங்குவதுதான் லாபம் என்பது அடுத்த கண்டுபிடிப்பு, பெரும்பாலும் இதை யாரும் சொல்லிக் கொடுப்பதில்லை, அவர்களே எட்டிப் பிடிக்கிறார்கள். 1972-ல் கய் க்ரோன், ஜான் பார்க்மன் என்ற இரு ஆய்வாளர்கள் முதல் வகுப்புப் பிள்ளைகள் விடை சொல்ல எடுத்துக்கொள்ளும் நேரத்தை அளந்தபோது, சின்ன எண் எவ்வளவு பெரிதோ அவ்வளவுக்கு நேரம் கூடியது. அதாவது வெளியே விரல் அசையாவிட்டாலும் உள்ளே பெரிய எண்ணிலிருந்து படிப்படியாக ஏறிக்கொண்டிருந்திருக்கிறார்கள்.

அதற்குப் பிறகுதான் எண்ணாமல் விடை நினைவிலிருந்து வருவது. ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தில் வினோத் மேனன் குழுவினர் ஏழு முதல் ஒன்பது வயதுப் பிள்ளைகளின் மூளையை ஓராண்டுக்குச் சற்றுக் கூடுதலான இடைவெளியில் இரண்டு முறை படமெடுத்து 2014-ல் ஆய்வை வெளியிட்டார்கள். எண்ணிக்கொண்டிருந்த பிள்ளைகள் நினைவிலிருந்து எடுக்கப் பழகப் பழக, ஹிப்போகாம்பஸ் என்ற பகுதியின் வேலை கூடுகிறது. புதிய நினைவுகளைப் பதியவைப்பதில் முக்கியப் பங்கு அந்தப் பகுதிக்குத்தான். நெற்றிக்குப் பின்னால் இருக்கும் மூளைப் பகுதியின் சுமை அதே சமயத்தில் குறைகிறது. பெரியவர்களிடம் பார்த்தால் ஹிப்போகாம்பஸும் ஒதுங்கிக்கொள்கிறது, கூட்டல் விடைகள் மூளையின் மேலடுக்கில் நிரந்தரமாகக் குடியேறிவிட்டன. சாரம் கட்டி வீடு கட்டி முடித்ததும் சாரத்தைப் பிரிப்பது மாதிரி. விரலும் அந்தச் சாரத்தின் ஒரு கம்புதான், கட்டடம் பாதியில் நிற்கும்போது அதை உருவினால் என்ன ஆகும்?

ஏன் நினைவிலிருந்து வர வேண்டும், எண்ணிக்கொண்டே இருந்தால் என்ன என்று கேட்கலாம். 48 + 27 போடும்போது எட்டும் ஏழும் பதினைந்து, ஐந்தை எழுதி ஒன்றை மேலே கொண்டுபோக வேண்டும், அந்த ஒன்றை மறக்காமல் நாலும் இரண்டும் கூட்ட வேண்டும். அப்போதைக்கு மனதில் பிடித்துவைத்துக்கொள்ளும் நினைவு பெரியவர்களுக்கே நாலைந்து விஷயத்துக்கு மேல் தாங்காது, சின்னப் பிள்ளைகளுக்கு அதைவிடக் குறைவு. எட்டும் ஏழும் எத்தனை என்று எண்ணி முடிப்பதற்குள் அந்த ஒன்று பறந்துபோகும். பயமும் இதே இடத்தைத்தான் அடைத்துக்கொள்கிறது. கடிகாரத்தை வைத்துக்கொண்டு "சீக்கிரம், சீக்கிரம்" என்று தலைமேல் நின்றால், தெரிந்த விடையும் வராமல் போவதற்குக் காரணம் அதுதான். விரல் என்பது வெளியே வைத்திருக்கும் நினைவு. எங்கள் பாட்டி கட்டைவிரலால் மற்ற நாலு விரல்களின் ரேகைகளைத் தொட்டுத் தொட்டு ஒரு கையில் பன்னிரண்டு வரை எண்ணுவார், கடைசிவரை அவருடைய கணக்கு தப்பியதில்லை.

சரி, பயிற்சி எப்படி இருக்க வேண்டும்? ஞாயிற்றுக்கிழமை ஒரு மணி நேரம் உட்காரவைப்பதைவிட தினமும் பத்து நிமிடம் நல்லது. நேற்றுப் படித்தது பாதி மங்கியிருக்கும்போது, அதைக் கஷ்டப்பட்டு நினைவுக்குக் கொண்டுவரும் அந்த முயற்சிதான் பதிவை உறுதியாக்குகிறது. புத்தகத்தைப் பார்த்து இருபது தடவை எழுதுவதில் அந்த முயற்சியே இல்லை. அப்புறம், பக்கம் முழுக்கக் கூட்டல், அடுத்த பக்கம் முழுக்கக் கழித்தல் என்று கொடுத்தால் பிள்ளை குறியைப் பார்ப்பதையே விட்டுவிடும், கலந்து கொடுங்கள். தப்பாகச் சொன்னால் உடனே சரியான விடையைச் சொல்லிவிடுங்கள், ஏனென்றால் தப்பான விடையும் திரும்பத் திரும்ப வந்தால் அதுவும் மனதில் ஒட்டிக்கொள்ளும். மலைப்பும் வேண்டாம். ஒன்று முதல் ஒன்பது வரை கூட்டல்கள் மொத்தம் 81, ஆனால் 3 + 8-ம் 8 + 3-ம் ஒன்று என்று தெரிந்தால் 45 ஆகிவிடும், ஒன்றைக் கூட்டுவது அடுத்த எண்தான் என்று தெரிந்தால் மீதி 36. இதில் முதலில் பிடிக்க வேண்டியது கூட்டினால் பத்து வரும் ஜோடிகளை, அவை தெரிந்துவிட்டால் பத்தைத் தாண்டும் கூட்டல்களுக்கெல்லாம் பாலம் கிடைத்துவிடும்.

மனப்பாடம் கெட்ட வார்த்தையும் இல்லை. திண்ணைப் பள்ளிக்கூடங்களில் எண்சுவடியை வைத்துக்கொண்டு பெருக்கல் வாய்ப்பாடு மட்டுமா சொன்னார்கள், கால், அரைக்கால், மாகாணி என்று பின்னங்களையும் சொன்னார்கள். நம் ஊர்க்காரர்களுக்கு முந்திரி என்றால் பருப்பு, அந்தப் பிள்ளைகளுக்கு முந்திரி என்றால் 320-ல் ஒரு பங்கு! புதுச்சேரி பிரெஞ்சு ஆய்வு நிறுவனத்தின் செந்தில் பாபு அந்தப் பள்ளிகளின் கணக்கை நெடுநாள் ஆராய்ந்தவர். அங்கே வாய் சொன்னது நெல்லின் அளவு, பொன்னின் எடை, நிலத்தின் பரப்பு, எல்லாம் பிள்ளைகள் கண்ணெதிரே தினமும் நடந்த கொடுக்கல் வாங்கல். இன்று "டூ டூ ஜா ஃபோர்" என்று ராகம் போடும் பிள்ளைக்கு இரண்டு வரிசையில் இரண்டு கொட்டை வைத்துக் காட்டாவிட்டால் ராகம் மட்டும்தான் மிஞ்சும்.

விளையாட்டுக்கு நான் பரமபதத்தைத்தான் சொல்வேன். 2008-ல் ராபர்ட் சீக்லர், கீதா ராமானி என்ற உளவியலாளர்கள் இருவரும் பள்ளிக்குப் போகும் முன்வயதில் இருக்கும் ஏழைக் குடும்பப் பிள்ளைகளை ஒன்று முதல் பத்து வரை வரிசையாகக் கட்டம் போட்ட எளிய பலகையில் விளையாடவிட்டார்கள். இரண்டு வாரத்தில் நாலு முறை, ஒவ்வொரு முறையும் கால் மணி நேரம், அவ்வளவுதான். எந்த எண் எங்கே இருக்கிறது, எது பெரிது என்ற தெளிவு கூடியது. எண்ணுக்குப் பதில் வண்ணம் மட்டும் இருந்த பலகையில் விளையாடியவர்களுக்கு அப்படி நடக்கவில்லை. ஆனால் ஒரு விஷயம் முக்கியம். 23-ல் இருந்து நாலு கட்டம் நகர்த்தும்போது "ஒண்ணு, ரெண்டு, மூணு, நாலு" என்று நகர்த்தக் கூடாது. "இருபத்து நாலு, இருபத்தஞ்சு, இருபத்தாறு, இருபத்தேழு" என்று கட்டத்தில் இருக்கும் எண்ணைச் சொல்லி நகர்த்த வேண்டும். சீக்லரும் எலிடா லாஸ்கியும் பிறகு செய்த ஆய்வில், இப்படிச் சொல்லி விளையாடியவர்கள்தான் நன்றாகக் கற்றார்கள்.

தேவனாம்பட்டினம் கடற்கரையில் சுண்டல் விற்கும் அம்மா பக்கத்தில் நிற்கும் பையனிடம் 65 ரூபாய்க்கு வாங்கி நூறு ரூபாயைக் கொடுங்கள். "அறுபத்தஞ்சு, எழுபது, நூறு" என்று ஏறிக்கொண்டே போய் 35 ரூபாயைக் கையில் வைத்துவிடுவான். அதே கணக்கை 100-க்குக் கீழே 65 என்று தாளில் எழுதிக் கொடுத்தால் பேந்தப் பேந்த விழிக்கலாம். நோபல் பரிசு பெற்ற அபிஜித் பானர்ஜி, எஸ்தர் டுஃப்லோ இருவரும் இருந்த குழு கொல்கத்தாவிலும் டெல்லியிலும் சந்தையில் வேலை செய்யும் பிள்ளைகளிடம் இதையேதான் பார்த்தது, 2025-ல் ஆய்வு வெளிவந்தது. சந்தையில் சரியாகக் கணக்குப் போட்டவர்கள் பள்ளிக் கணக்கில் திணறினார்கள், பள்ளிக் கணக்கு தெரிந்த பிள்ளைகள் சந்தைக் கணக்கில் திணறினார்கள். இரண்டையும் இணைத்துக் காட்டுவதற்கு ஆள் இல்லாததுதான் குறை, இரண்டு பக்கத்துப் பிள்ளைகளுக்கும் மூளையில் குறை ஒன்றுமில்லை. தமிழ்நாட்டில் 2022-ல் ஒன்று முதல் மூன்றாம் வகுப்பு வரை தொடங்கிய எண்ணும் எழுத்தும் திட்டத்தில் பொருள்களையும் செயல்பாடுகளையும் வகுப்பறைக்குள் கொண்டுவந்தது இந்தக் காரணத்துக்காகவே எனக்குப் பிடித்திருக்கிறது. வீட்டில் நாம் செய்யக்கூடியது, கடைக்குப் போய்வந்த மீதிச் சில்லறையை அதே சாயங்காலம் நோட்டில் ஒரு கழித்தலாக எழுதவைப்பது.

பாப்பாவின் கை மேசைக்கு மேலே வந்து இரண்டு மாதம் ஆகிறது. நான் எதுவும் சொல்லவில்லை, பத்தாகும் ஜோடிகளைப் புளியங்கொட்டையில் வைத்து விளையாடினோம், பரமபதம் ஆடினோம். போன வாரம் மறுபடி 8 + 5 வந்தது. விரல் அசையவில்லை, 13 என்று எழுதிவிட்டாள். எப்படி வந்தது என்று கேட்டேன்.

"அஞ்சுலேர்ந்து ரெண்ட எடுத்து எட்டுக்குக் குடுத்துட்டேன் சித்தி, மீதி மூணு."