விரற்கடைக் கோரைக்கு ஒரு பெயர்

ஏரி வற்ற வற்ற, தண்ணீர் விட்டுப்போன சேற்றில் பச்சையாக ஒன்று படரும். மாடு மேய்க்கிறவருக்கும் சரி, மாலை நடைக்கு வருகிறவருக்கும் சரி, அது புல். நானும் பல வருடம் அப்படித்தான் நினைத்திருந்தேன். ஒருநாள் குத்துக்காலிட்டு உட்கார்ந்து ஒரு கொத்தைப் பிடுங்கிப் பார்த்தேன். வேர், தண்டு, இலை, கதிர் என்று முழுச் செடியும் என் சுண்டுவிரல் நீளத்துக்குள் அடங்கிவிட்டது. உச்சியில் மிளகு போல ஒரு பச்சை உருண்டை. அதற்குக் கீழிருந்து நாலு திசைக்கும் நீட்டிக்கொண்டிருக்கும் மெல்லிய இலைகள். தண்டை இரண்டு விரலுக்கு நடுவில் வைத்து உருட்டினேன். வழுக்கி உருளாமல் மூன்று விளிம்புகள் தட்டித் தட்டி நின்றன.

புல்லின் தண்டு உருண்டையாக இருக்கும், கணுக்களுக்கு நடுவில் பெரும்பாலும் உள்ளே கூடாக இருக்கும். முக்கோணத் தண்டு, உள்ளே பஞ்சு போல அடைப்பு, இலைகள் மூன்று வரிசை என்றால் அது கோரை. எல்லாக் கோரையும் இதற்குக் கட்டுப்படாது. எலியோகாரிஸ் என்ற பேரினத்தில், அதாவது நெருங்கிய இனங்களின் கூட்டத்தில், பலவற்றின் தண்டு குச்சி போல உருண்டைதான், இலைப்பரப்பே கிடையாது. ஆனாலும் வயல்வெளியில் இந்த விரல் சோதனை அநேகமாக ஏமாற்றாது.

பாய் நெய்கிற கோரை, வயலில் உயிரை எடுக்கிற முத்தக்காசு, எகிப்தியர் எழுதிய பப்பைரஸ் எல்லாம் ஒரே குடும்பம். உலகில் சுமார் 5,500 கோரை இனங்களுக்குப் பெயர் இருக்கிறது. ஆளுயரம் வளர்கிறவற்றை விட்டுவிடுவோம். சேற்றில் சில வாரம் மட்டும் வாழ்ந்து, விதை போட்டு, வெயிலில் கருகிப் போகும் இந்த விரற்கடைச் செடிகளில் ஒன்றை எடுத்து, 'இது இதுவரை யாரும் பெயர் வைக்காதது' என்று ஒருவர் எப்படிச் சொல்கிறார்?

முதலில் அவர் சந்தேகப்பட வேண்டியது அதன் குள்ளத்தைத்தான். கோரை குள்ளமாக இருக்க இரண்டு காரணம் உண்டு: ஒன்று பிறவி, மற்றொன்று பட்டினி. நெல் வயலில் முழங்கால் உயரம் நிற்கும் சைபரஸ் டிஃபார்மிஸ் என்ற களைக் கோரை, காய்ந்துகொண்டிருக்கும் சேற்று வெடிப்பில் முளைத்தால் இரண்டு அங்குலத்திலேயே அவசர அவசரமாகக் கதிர் தள்ளிவிடும். தண்ணீர் போய்விடும் என்று தெரிந்தால் வளர்த்தியில் செலவழிக்காமல் நேராக விதைக்குப் போய்விடுவது ஓராண்டுச் செடிகளின் வழக்கம். இப்படிப் பட்டினியில் குறுகிய செடியைப் பார்த்து 'புதுக் குள்ள இனம்' என்று யாராவது பெயர் வைத்தால், பிற்பாடு ஒருவர் அதைப் பழைய பெயருக்குள் தள்ளிவிடுவார். தாவரவியல் பட்டியல்களில் அப்படிச் செத்துப்போன பெயர்கள் குவிந்து கிடக்கின்றன.

அதனால் பட்டினியில் எது சுருங்கும், எது சுருங்காது என்று பார்க்கிறார்கள். உயரம் சுருங்கும், இலை சுருங்கும், கதிர்களின் எண்ணிக்கை பத்திலிருந்து ஒன்றாகக்கூடக் குறையும். ஆனால் விதையின் அளவும் வடிவமும் அவ்வளவு எளிதில் மாறுவதில்லை. பூவின் தலையில் மகரந்தத்தை வாங்கும் சூல்முடி இரண்டாகப் பிரிகிறதா மூன்றாகப் பிரிகிறதா என்பதும் பொதுவாக நிலையானது. பட்டினிச் செடி பத்து விதைக்குப் பதில் ஒரு விதை போடும், ஆனால் அந்த ஒன்று முழு விதையாக இருக்கும். முடிந்தால் அதைத் தொட்டியில் போட்டு, எருவும் தண்ணீரும் தாராளமாகக் கொடுத்து வளர்த்துப் பார்ப்பார்கள். வயிறார உண்ட பிறகும் விரற்கடையிலேயே நின்றால், அது பிறவிக் குள்ளம்.

கோரையைப் பிரித்துப் பெயர் வைக்கும் வேலையில் நம் கடற்கரைக்கும் ஒரு பங்கு உண்டு. செடிகளுக்கு இரட்டைப் பெயர் வைக்கும் முறையை நிலைநாட்டிய ஸ்வீடன் அறிஞர் லின்னேயஸின் மாணவரான யோஹன் கெர்ஹார்ட் கோனிக் 1768இல் தரங்கம்பாடி டேனிஷ் மிஷனுக்கு மருத்துவராக வந்தார். வைத்தியத்தைவிடச் செடி சேகரிப்பதில்தான் அவருக்கு மனம் இருந்திருக்கும் என்பது என் ஊகம். அவர் காயவைத்து அனுப்பிய செடிகள் ஐரோப்பா போய்ச் சேர்ந்தன. கோபன்ஹேகனில் ரோட்பெல் என்ற தாவரவியலாளர் கோரைகளைப் பிரித்து, படம் போட்டு, 1773இல் ஒரு நூல் வெளியிட்டார். அதில் வந்த பெயர்களில் ஒன்று சைபரஸ் பங்கோரை. லத்தீன் வேடம் போட்டிருந்தாலும் உள்ளே இருக்கும் நம்ம ஊர்க் கோரை காதில் விழுகிறது. பாய் முடைவதற்கு அறுக்கும் கோரை அது.

அதே நூலில் ஒரு குள்ளனும் இருக்கிறது: சைபரஸ் பிக்மேயஸ். குட்டைக் கோரை என்றே பெயர். வற்றும் குளத்துச் சேற்றிலும் வயலிலும் முளைக்கும் இது, ஆசிய, ஆப்பிரிக்க வெப்பமண்டலம் நெடுக உண்டு. இதன் கதை அந்த நூலோடு முடியவில்லை. 20 வருடம் முன்பு, 1753இல், லின்னேயஸ் ஐரோப்பியக் குள்ளம் ஒன்றுக்கு ஸ்கிர்பஸ் மிக்கேலியானஸ் என்று பெயர் வைத்திருந்தார். தூரத்திலிருந்து பார்த்தால் இரண்டும் அண்ணன் தம்பி: அதே சேறு, அதே உருண்டைத் தலை, தலைக்குக் கீழே அதே நீள இலைகள். அப்படியிருக்க லின்னேயஸ் ஏன் அதை சைபரஸில் சேர்க்கவில்லை? காரணம் உமியின் அடுக்கு. நெல்லுக்கு உமி போல, கோரையின் ஒவ்வொரு பூவையும் ஒரு செதில் மூடியிருக்கும். சைபரஸ் கோரைகளில் இந்த உமிகள் தென்னங்கீற்று மாதிரி இரண்டு பக்கமும் இரண்டே வரிசையாக அடுக்கியிருக்கும். மிக்கேலியானஸில் அன்னாசிப்பழத் தோல் மாதிரி சுற்றிச் சுற்றி ஏறும். பிக்மேயஸில் இரண்டு வரிசை.

பிற்காலத்தில் மிக்கேலியானஸையும் சைபரஸுக்குள் கொண்டுவந்தார்கள். அதோடு நிற்காமல், இரண்டும் ஒன்றுதான், அடுக்கு மட்டும்தான் மாறுகிறது என்று சொல்லி பிக்மேயஸை மிக்கேலியானஸின் துணை இனமாக இறக்கினார்கள். இன்றைக்கும் ஒரு நூலில் அது துணை இனம், இன்னொன்றில் தனி இனம். 250 வருடமாகப் பேசியும் தீராத வழக்கு, அதுவும் மிளகளவு தலைக்குள்.

புதிய இனம் என்று சந்தேகம் வந்ததும் நடக்கும் வேலையும் இப்படிப்பட்டதுதான், கொஞ்சம் பெரிய கருவிகளோடு. எலியோகாரிஸ் அட்ரோபர்ப்யூரியா, எலியோகாரிஸ் ஜெனிகுலேட்டா என்று நம் ஈரநிலங்களிலும் கிடைக்கும் இரண்டை எடுத்துக்கொள்வோம். இரண்டுக்கும் கறுப்பு விதை, பாலிஷ் போட்ட மாதிரி மின்னும். இரண்டுக்கும் சூல்முடி இரண்டு. ஆனால் முதலாவதன் விதை ஏறக்குறைய அரை மில்லிமீட்டர், இரண்டாவது அதைப்போல இரு மடங்கு. விதையின் அடியிலிருந்து கிளம்பும் முள்மயிர்கள் முதலாவதில் வெளுப்பு, இரண்டாவதில் பழுப்பு. விதையின் உச்சியில் சூல்தண்டின் அடிப்பாகம் உதிராமல் குல்லாய் போல ஒட்டியிருக்கும், அதன் வடிவத்தையும் அளக்க வேண்டும். இதற்கெல்லாம் முற்றிய விதை வேண்டும். பூத்த நிலையில் மட்டும் பறித்துவந்த செடி, எவ்வளவு அழகாக இருந்தாலும், பாதி சாட்சிதான்.

இன்னும் நெருங்கிப் பார்க்க எலக்ட்ரான் நுண்ணோக்கி. விதையின் வெளித்தோலை அமிலக் கலவையில் கரைத்துவிட்டால், கீழே ஒவ்வொரு செல்லிலும் சிலிக்கா சின்னச் சின்னக் கூம்புகளாக நிற்பது தெரியும். கோரைக் குடும்பத்தின் கைரேகை இந்தக் கூம்பு. ஒரு செல்லில் ஒரு பெரிய கூம்பா, நடுவில் ஒன்றும் சுற்றிச் சில பொடிக் கூம்புகளுமா என்பதுகூட இனத்துக்கு இனம் மாறலாம். அப்புறம் டிஎன்ஏ. அது உறவு முறையைச் சொல்லும், ஆனால் ஒப்பிடுவதற்கு அக்கம்பக்கத்து இனங்களின் டிஎன்ஏவும் கையில் இருக்க வேண்டும். குரோமோசோம் எண்ணிக்கையை மட்டும் இந்தக் குடும்பத்தில் அவசரப்பட்டு நம்பக் கூடாது. மற்றச் செடிகள் பெரும்பாலானவற்றில் செல் பிரியும்போது குரோமோசோமை ஒரே இடத்தில் பிடித்து இழுக்கும். கோரையில் நீளம் முழுக்கப் பிடி உண்டு. அதனால் குரோமோசோம் உடைந்தாலும் துண்டு தொலையாமல் அடுத்த தலைமுறைக்குப் போய்விடும். ரிங்கோஸ்போரா டெனுயிஸ் என்ற கோரைக்கு மொத்தமே 4 குரோமோசோம், வேறு சில கோரைகளுக்கு நூற்றுக்கும் மேல்.

நுண்ணோக்கியைவிட அலமாரிதான் அதிக நேரம் பிடிக்கும். புதிது என்று சொல்ல வேண்டுமானால் பழையது எல்லாவற்றையும் பார்த்திருக்க வேண்டும். அதற்குத்தான் ஹெர்பேரியம், உலர்ந்த செடிகளின் கிடங்கு. நம் பக்கத்தில் கோயம்புத்தூரில் மெட்ராஸ் ஹெர்பேரியம் இருக்கிறது, லண்டன் கியூவில் சுமார் 70 லட்சம் தாள்கள் இருக்கின்றன. பெரிய கோரையை மடக்கி ஒரு தாளில் ஒட்டுவார்கள். குள்ளம் என்றால் பத்துப் பதினைந்து செடிகளை வேரோடு ஒரே தாளில் வரிசையாக நிறுத்தி, உதிரும் விதைகளுக்கு மூலையில் ஒரு காகித உறை மடித்து ஒட்டுவார்கள். தாள்களின் ஸ்கேன் இன்று இணையத்தில் கிடைக்கிறது. நல்லதுதான், ஆனால் ஸ்கேனில் இருக்கும் விதையைப் புரட்டிப் பார்க்க முடியாது.

அலமாரியிலேயே புது இனம் கிடைப்பதும் உண்டு. 2010இல் வெளியான ஓர் ஆய்வின்படி, புதிதாகப் பெயர் பெற்ற பூக்கும் தாவரங்களில் 16 சதவீதம்தான் பறித்த ஐந்து வருடத்துக்குள் பெயர் பெற்றவை. கிட்டத்தட்ட கால்வாசியின் மாதிரிகள் 50 வருடத்துக்கும் மேலாக அலமாரியில் தூங்கியவை. 'புல்' என்று யாரோ பென்சிலால் கிறுக்கி வைத்த கட்டுக்குள் ஒரு கோரை காத்திருக்கலாம்.

எல்லாம் பார்த்தாயிற்று, புதிதுதான் என்றால் பெயரிடும் சட்டம் வருகிறது. 1753 மே 1ஆம் தேதியிலிருந்து முதலில் முறையாக வெளியான பெயருக்கே முன்னுரிமை. 1935 முதல் 2011 முடிய லத்தீனில் விவரித்தால்தான் பெயர் செல்லும். 2012 முதல் ஆங்கிலமும் போதும், இணைய இதழில் வந்தாலும் செல்லும். கட்டாயமாக ஒரு தாளை மூலமாதிரி என்று குறித்து, அது எந்த ஹெர்பேரியத்தில் இருக்கிறது என்று எழுத வேண்டும். நாளைக்கு யாராவது 'இந்தப் பெயர் எதைக் குறிக்கிறது?' என்று கேட்டால் விவரணை பதில் சொல்லாது, அந்தத் தாள்தான் சொல்லும். இதழில் வரும் வேறுபாட்டுக் குறிப்பு ரொம்பச் சிக்கனமாக இருக்கும். பிக்மேயஸை இன்று எழுதினால், 'மிக்கேலியானஸை ஒத்தது, ஆனால் உமிகள் சுற்றடுக்காக இல்லாமல் இரு வரிசையாக உள்ளன' என்பது மாதிரி ஒரே வரி. அந்த ஒரு வரிக்குப் பின்னால் சில வருடம் இருக்கும்.

இவ்வளவு செய்தும் கோட்டை விடலாம் என்பதற்கு ட்ரிதூரியா சாட்சி. ஈரத்தில் முளைக்கும் இரண்டு மூன்று சென்டிமீட்டர்ச் செடி, நூல் போல இலைகள், இதழ் இல்லாத பூ. பல காலம் ஆஸ்திரேலியாவிலும் நியூசிலாந்திலும் மட்டுமே தெரிந்திருந்த இந்தக் கூட்டத்தில், 1994இல் எஸ்.ஆர். யாதவும் எம்.கே. ஜனார்த்தனமும் கொங்கண் பகுதியிலிருந்து ட்ரிதூரியா கொங்கணென்சிஸ் என்ற இனத்தை விவரித்தார்கள். அதுவே ஒரு ஆச்சரியம். பெரிய ஆச்சரியம் 2007இல் வந்தது. அதுவரை இவற்றைப் புல்லுக்கும் கோரைக்கும் சொந்தம் என்றே வைத்திருந்தார்கள். டிஎன்ஏ பார்த்தால், நெருங்கிய உறவு அல்லி. பூக்கும் தாவரங்களின் குடும்ப மரத்தில் அடிவாரத்திலேயே பிரிந்த கிளை. தோற்றம் ஒரு கூட்டத்தையே வேறு வீட்டில் குடிவைத்திருந்தது.

சரி, ஏரிக்கரையில் நான் பிடுங்கிய கொத்துக்கு வருவோம். வீட்டுக்குக் கொண்டுவந்து வெள்ளைத் தாளில் உதிர்த்து, பத்து மடங்கு பெரிதாக்கும் லென்ஸில் பார்த்தேன். உமிகள் இரண்டு பக்கமும் கீற்று மாதிரி, ஒழுங்காக இரண்டு வரிசை. ஊசி முனையால் ஓர் உமியைத் தூக்கினேன், சூல்முடி இரண்டாகப் பிரிந்திருந்தது. சைபரஸ் பிக்மேயஸ். 1773லேயே ரோட்பெல் முடித்துவிட்ட வேலை. விதையையும் அளந்துவிடலாம் என்று குனிந்தேன், என் மூச்சிலேயே அது பறந்துபோய்விட்டது.